கதவு கத்தாத மூன்று நாள்

இருட்டில் அவள் யார்மீதும் மோதியதில்லை. பெரிய ஃபிலிம் தொழிற்சாலையில், விளக்கே இல்லாத கூடத்தில் பதினேழு வருடம். இப்போது இந்தச் சின்னப் பட்டறையில் இரண்டு வருடம். ஒரு முட்டு, ஒரு சிராய்ப்பு கிடையாது. அதனால்தான் பெயர் பூனை. பெயர் வைத்தவர் ஃபிட்டர். அன்று அதே தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர், இன்று பட்டறையில் பங்காளி. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதாகி, மூட்டுவலியும் மூக்குக்கண்ணாடியும் வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

"கிழட்டுப் பூனை ஆயிட்டியே" என்று சீண்டுவார்.

"எலி இன்னும் உயிரோட இருக்கே, என்ன செய்ய?" என்பாள்.

தொழிற்சாலைக்கு ஆள் எடுத்த நாளில் அவளுக்கு வயது பத்தொன்பது. படிப்பைக் கேட்கவில்லை, முன் அனுபவத்தைக் கேட்கவில்லை. இருட்டறைக்குள் உட்காரவைத்து, மடியில் ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள். உள்ளே எட்டு அளவுகளில் திருகாணிகள். "பிரிச்சு வை." மற்ற பெண்கள் திணறினார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். இவள் பிரித்து முடித்துவிட்டு, "இதுல ஒண்ணு மரை போனது, அதைத் தனியா வைக்கவா?" என்று கேட்டாள். வேலை கிடைத்துவிட்டது.

பழைய தொழிற்சாலை பொற்காலம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். குளிரில் விரல் மரத்துப்போகும். கழிப்பறைக்குப் போகச் சீட்டு எழுதி வாங்க வேண்டும். மேற்பார்வையாளருக்கு வாயைத் திறந்தால் வசவு. அங்கிருந்து எடுத்துவரத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான் என்பாள். அது ஒரு சொல். இருட்டுக் கூடத்தில் யார் ஓர் அடி எடுத்து வைத்தாலும் "ஆள்... ஆள்..." என்று மெல்லச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். சொல்லாமல் நடந்தால் மோதல், மோதினால் நஷ்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் வீட்டிலும் மின்சாரம் போனால் "ஆள், ஆள்" என்று அடுப்படிக்குப் போவாள். அப்போதுதான் கல்யாணமாகியிருந்த கணவர் பயந்துவிட்டார்.

கணவர் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்றும் கழுத்தில் விசில் தொங்காத குறைதான். பேச்சிலேயே ஊதிவிடுவார். மூக்கின் இடப்பக்கம் மிளகு அளவில் ஒரு மச்சம். "நான் மச்சக்காரன், இல்லன்னா நீ கிடைச்சிருப்பியா?" என்பார். "அது என் தலையெழுத்து, உங்க மச்சத்துக்கு ஏன் பேரைக் கொடுக்கறீங்க?" என்பாள்.

ஃபிலிம் கேமராக்கள் போய், தொழிற்சாலையும் மூடியது. அவள் மூக்கைச் சிந்தவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்து பதினான்கு வருடம் போர்வை மடித்தாள். நல்ல வேலை, நல்ல வெளிச்சம், ஜன்னலில் வெயில். அப்படியே ஓய்வு பெற்றிருப்பாள். ஒருநாள் வாசலில் ஃபிட்டர் வந்து நின்றார். கையில் மிட்டாய்ப் பெட்டி, முகத்தில் திருட்டுக் களை.

"பூனை, மிஷின் ஒண்ணு செஞ்சிருக்கேன். ஃபிலிம் பூசற மிஷின். ரெண்டு கட்டில் நீளம்தான்."

"யாரு வாங்குவா?"

"வாங்கறாங்க. சின்னப் பசங்கதான் வாங்கறாங்க. கிடைக்கமாட்டேங்குதுன்னு தேடறாங்க."

"பால் யாரு காய்ச்சறது?"

வெள்ளி உப்பும் ஜெலட்டினும் சேர்த்துக் காய்ச்சும் குழம்பு அது. ஒளி பட்டால் படம் பிடிப்பது அந்தக் குழம்புதான். பார்க்கப் பால் போல இருப்பதால் தொழிலில் அதற்குப் பெயரே பால்.

"அதுக்கு ஒருத்தன் இருக்கான். பெயிண்ட் கம்பெனியில கெமிஸ்ட். வீட்டுல ஃபிலிம் செஞ்சு பார்த்துப் பார்த்துப் பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கினவன். காய்ச்சத் தெரியும். இருட்டு தெரியாது. இருட்டுக்கு நீ வேணும்."

மறுநாள் அவள் சலவைக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஏன் என்று அங்கே கேட்டார்கள். "அங்க என் கை சும்மா இருக்காது" என்றாள். போர்வை மடித்தபோதும் கை சும்மா இருந்ததில்லைதான். அந்த வித்தியாசத்தை அவர்களுக்கு விளக்க அவளுக்குத் தெரியவில்லை.

பெயிண்ட் கம்பெனிக்காரனுக்கு வந்த முதல் வாரமே பெயர் வைத்தாயிற்று: கலக்கி. குழம்பைக் கலக்குபவன். முப்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, படிய வாரிய தலை, எதற்கும் "மன்னிச்சிடுங்க" சொல்லும் வாய். "ஆள்" என்று சொல்ல மட்டும் அந்த வாய்க்கு வெட்கம்.

"மனுஷனா பொறந்துட்டு நான் ஆள், நான் ஆள்னு சொல்லிக்கிட்டே நடக்கறது ஒரு மாதிரி இருக்கு அக்கா."

"மோதினா வேற மாதிரி இருக்கும்."

பட்டறை முன்பு ஐஸ்கிரீம் கிடங்காக இருந்தது. ஜன்னல் கிடையாது, சுவர் ஒரு முழம் கனம். முன்னறையில் வெளிச்சம், மேசை, அட்டைப் பெட்டிகள். அடுத்தது ஆறடி இடைவழி. அதன் இரு முனைகளிலும் கதவு. ஒன்றை மூடிய பிறகுதான் மற்றதைத் திறக்கலாம், வெளிச்சம் கூடவே வந்துவிடக் கூடாதல்லவா? அதற்கப்பால் இருட்டறை. அங்கேதான் ஃபிட்டரின் இயந்திரம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சுருள் மெல்ல ஓடும். பால் நிறைந்த தொட்டியின் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டு மேலேறும். குளிர்ந்த உருளையில் படிந்ததும் பால் உறைந்து ஜெல்லி ஆகும். பிறகு உலர்த்தும் அறைக்குள் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அந்த அறைக்குக் காற்று, இடைவழியின் கூரையிலுள்ள விசிறி வழியாக, வடிகட்டி தாண்டிப் போகிறது. தொட்டியில் பால் குறைந்தால் மிதவையில் கட்டிய சின்ன மணி அடிக்கும். மணி, உருளையின் முனகல், சொட்டும் தண்ணீர் எல்லாவற்றையும் அவள் காதாலேயே பார்ப்பாள்.

இடைவழியின் உள்கதவு மட்டும் திறக்கும்போதெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும். மதியச் சாப்பாடு கொண்டுவரும் கண்டக்டருக்கு முன்னறையில் உட்கார்ந்து அதைக் கேட்கவே பொறுக்காது.

"பஸ்ஸு கதவு இப்படிக் கத்தினா டிப்போவுல தோலை உரிச்சிருப்பாங்க. ஒரு சொட்டு எண்ணெய் விட மூணு பேருக்கும் கை வராதா?"

"எண்ணெய் இங்க ஆகாது" என்பார் ஃபிட்டர், தலை நிமிராமல். அதோடு சரி. ஏன் ஆகாது என்று விளக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு என்று கண்டக்டர் முடிவுகட்டிக்கொண்டார்.

அந்த மாதம் பட்டறைக்கு இதுவரை வராத பெரிய வேலை வந்தது. கலைக் கல்லூரியில் புகைப்படம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், நாற்பது மாணவர்களைத் தங்கள் கையாலேயே மரப்பெட்டி கேமரா செய்யவைத்திருந்தார். அதற்கு உள்ளங்கை அளவு ஃபிலிம் தாள் ஆயிரம் வேண்டும். தேர்வு திங்கட்கிழமை காலை.

"ஒளிக்காம சொல்லிடறேன்" என்றார் டீச்சர். "எங்க டார்க்ரூமை எடுத்துட்டு கம்ப்யூட்டர் ரூம் போடணும்னு ரெண்டு வருஷமா பேச்சு. ஃபிலிமே கிடைக்காதப்ப ரூம் எதுக்குன்னு கேக்கறாங்க. கிடைக்கும்னு நான் சொல்லிட்டு வந்திருக்கேன். இந்தத் தேர்வு நடந்தா ரூம் இருக்கும். நடக்கலன்னா இல்ல."

அந்த அறை போனால் மாணவர்கள் போவார்கள், மாணவர்கள் போனால் பட்டறைக்கு ஃபிலிம் வாங்குகிற ஆளே இல்லை. மூன்று பேருக்கும் யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

திங்களன்று மாதிரிக்குக் கொஞ்சம் பூசினார்கள். பளிங்கு மாதிரி வந்தது. டீச்சர் பார்த்துச் சம்மதித்தார். செவ்வாய் பூச்சு இல்லை, முன்னறையில் பெட்டி ஒட்டினார்கள். கலக்கி மட்டும் பின்கட்டுச் சமையல்மேடையில் அடுத்த பாலைக் காய்ச்சினான். புதன்கிழமை முழு மூச்சாகப் பூசி, உலர்த்தி, ஒரு தாளை வெட்டி, கலக்கியையே வெயிலில் நிறுத்திப் படம் பிடித்து அச்சடித்தார்கள்.

படத்தில் அவன் முகமெல்லாம் கரும்புள்ளி. நெற்றியில் ஐந்து, கன்னத்தில் ஆறு, கழுத்தில் எண்ண முடியவில்லை.

"மச்சக்காரன்டா நீ" என்றார் ஃபிட்டர். ஒருவரும் சிரிக்கவில்லை.

கலக்கி ஃபிலிமைப் பூதக்கண்ணாடியில் பார்த்தான். ஒவ்வொரு புள்ளியும் வட்டமான ஒரு குழி. அந்த இடத்தில் பால் ஒட்டாமல் விலகி ஓடியிருக்கிறது.

"பெயிண்ட்ல இதை மீன்கண்ணுன்னு சொல்லுவோம். எண்ணெய்ப் பசை. அதுலயும் சிலிகான் கலந்த பசை. கண்ணுக்குத் தெரியாத அளவு போதும், பூச்சு ஒதுங்கிடும்." அவன் தயங்கினான். "மன்னிச்சிடுங்க அக்கா... கைக்கு க்ரீம் ஏதாவது..."

அவளுக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வயதிலிருந்து கைக்கு க்ரீம் போட்டதில்லை. வேலைநாளில் தலைக்கு எண்ணெய் வைத்ததில்லை. தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூட முகத்துக்குப் பூசியதில்லை, எல்லோரும் பளபளவென்று நிற்க இவள் மட்டும் கழுவிவிட்ட தட்டு மாதிரி நின்ற போட்டோ இருக்கிறது.

"என் பையைக் கொட்டறேன். நீங்களும் கொட்டுங்க" என்றாள்.

மேசையில் மூன்று பைகளும் கவிழ்ந்தன. அவளுடையதில் சீப்பு, மூட்டுவலி மாத்திரை, கண்ணாடிக்கூடு. ஃபிட்டருடையதில் திருப்புளி, திருப்புளி, இன்னொரு திருப்புளி. கலக்கியின் பையிலிருந்து உருண்டுவந்தது ஒரு சின்ன நீல டப்பா. தலைமுடிக்குப் போடும் ஜெல். மூடியிலேயே எழுதியிருந்தது: சிலிகான் மினுமினுப்புடன்.

கலக்கி உட்கார்ந்துவிட்டான்.

"அக்காவைக் கேட்டியே, உன்னை யாருப்பா கேக்கறது?" என்றார் ஃபிட்டர்.

வியாழன் காலை கலக்கி மொட்டைத் தலையோடு வந்தான். யாரும் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. தொட்டியையும் உருளையையும் கழுவி, இரண்டு கை நீளத்துக்கு மட்டும் பூசிப் பார்த்தார்கள். உலர்ந்ததும் வெளிச்சம் காட்டிக் கழுவினால், மீன்கண். புதன்கிழமையைவிடக் கொஞ்சம் அதிகம்.

"வீணா முடியை எடுத்துட்டனே" என்று கலக்கி தலையைத் தடவினான்.

"முடி வளரும். பிளாஸ்டிக் வளராது" என்றாள் அவள். சுருளில் மிச்சமிருந்தது ஒரு முழுப் பூச்சுக்குத்தான். அடுத்த சுருள் கப்பலில் வர மூன்று மாதம். இனிமேல் சோதித்துப் பார்க்கக்கூட வெட்ட முடியாது. காரணம் தெரிந்த பிறகு ஒரே தடவை பூச வேண்டும்.

அன்று மதியம் சாப்பாட்டோடு வந்த கண்டக்டர் வழக்கத்தைவிட நேரம் உட்கார்ந்திருந்தார். எதையோ எதிர்பார்ப்பதுபோல் அவள் முகத்தையே பார்த்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. உனக்கு ஏதாவது வித்தியாசமா தெரியுதா இங்க?"

"தெரியாம என்ன, ஃபிலிமெல்லாம் பொத்தல்."

அவர் முகம் வாடியது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலைக் கவலையில் அவளும் அதை மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. தெருவில் பட்டப்பகல், இருட்டறையில் உள்ளங்கை தெரியாது. அவள் தனியாக உருளையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிசுபிசுப்பு எங்காவது விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று முனையிலிருந்து முனைவரை. இல்லை. சலித்துப்போய்த் திரும்பினாள்.

டமார்!

நெற்றியோடு மொட்டை இடித்தது. கீழே எதுவோ உருண்டு ஓடியது. பத்தொன்பது வருட இருட்டில் முதல் மோதல். வலியைவிட அவமானம்தான் முதலில் வந்தது.

"ஆள்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குதா உனக்கு?"

"மன்னிச்சிடுங்க அக்கா, மன்னிச்சிடுங்க... நான் எப்பவும் சொல்றதில்லியே. கதவு கத்தும்ல, அதுல உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு..."

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"இப்பக் கத்திச்சா?" என்றாள்.

"இல்ல."

"நேத்து?"

"நேத்தும் இல்லன்னு நினைக்கிறேன். நான் கவனிக்கலக்கா."

அவளும் கவனிக்கவில்லை. இயந்திரம் ஓடும்போது மணிக்கும் உருளைக்கும் காது கொடுத்தவள், இல்லாமல்போன சத்தத்துக்குக் காது கொடுக்கவில்லை. காதாலேயே பார்க்கிறேன் என்று பெருமை பேசிய பூனை! நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நடந்து, உள்கதவைத் தொட்டாள். வெண்ணெயில் வழுக்குவதுபோல் திறந்தது. கீலில் விரல் வைத்து, விரலைக் கட்டைவிரலோடு உரசிப் பார்த்தாள். வழுவழு. கூரையில், கீலுக்கு நேர் மேலே, விசிறி உலர்த்தும் அறைக்குக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

முன்னறைக்கு வந்து போனை எடுத்தாள்.

"என்னங்க, பட்டறைக் கதவுக்கு ஏதாவது போட்டீங்களா?"

அந்தப் பக்கம் பூரிப்பு பொங்கியது. "அப்பாடா! இன்னிக்காவது கண்டுபிடிச்சியே! செவ்வாக்கிழமையிலிருந்து காத்துக்கிட்டிருக்கேன், ஒரு வார்த்தை சொல்லுவேன்னு. நீங்க ரெண்டு பேரும் பெட்டி ஒட்டிக்கிட்டிருந்தீங்க, அந்தத் தம்பி பால் காய்ச்சிக்கிட்டிருந்தான். நான் கைகழுவப் போற மாதிரி போய் வேலையை முடிச்சிட்டேன். சும்மா எண்ணெய் இல்ல, சிலிகான் ஸ்பிரே! டிப்போ மெக்கானிக் கொடுத்தான். மேல ரெண்டு, கீழ ரெண்டு, முழு டப்பா அடிச்சேன். எப்படி?"

அவள் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். திட்டுவதற்கு வார்த்தை நாக்குநுனி வரை வந்தது. மூன்று நாளாக ஒரு பாராட்டுக்காகச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த முகமும் கூடவே வந்தது.

"ரொம்ப நல்லா அடிச்சிருக்கீங்க" என்றாள். "உடனே கிளம்பி வாங்க. பழைய சட்டை போட்டுக்கிட்டு."

விஷயம் தெரிந்ததும் கண்டக்டர் பாதியாகிவிட்டார். ஃபிட்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எண்ணெய் ஆகாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"ஏன்னு சொன்னீங்களா?"

ஃபிட்டர் திருப்புளியைக் கையில் எடுத்தார். "சொல்லல" என்றார். பிறகு இருவரும் சேர்ந்துதான் கதவைக் கழற்றினார்கள்.

வடிகட்டியை எடுத்தெறிந்து புதியது போட்டார்கள். இடைவழிச் சுவர், கூரை, விசிறி இறக்கை, உலர்த்தும் அறையின் ஒவ்வொரு கம்பி, எல்லாவற்றையும் சோப்பும் ஸ்பிரிட்டும் கொண்டு மூன்று தடவை துடைத்தார்கள். கண்டக்டர் ஏணியில் நின்று தேய்த்த தேய்ப்பில் சுவரில் இருந்த பழைய ஐஸ்கிரீம் படம் ஒன்று வெளியே வந்தது. "ரைட்டு, அடுத்த பக்கம் போலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்ந்தார். ஃபிட்டர் பழைய கீலைத் தூக்கிப்போட்டு, எண்ணெயே காணாத புதுக் கீலை மாட்டினார். திறந்து பார்த்தார்கள். முந்தையது ஆட்டுக்குட்டி என்றால் இது முழு ஆடு.

"இப்பத்தான் சரி" என்றாள்.

சனிக்கிழமை கடைசிப் பூச்சு. கலக்கி காய்ச்சிய பாலைத் தொட்டியில் ஊற்றினான். ஊற்றிவிட்டு நகரும்போது இருட்டில் ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் கூச்சத்தோடு, ஆனால் தெளிவாக: "ஆள்... ஆள்..."

அவள் உருளைக்கு மறுபக்கம் ஒதுங்கி வழி விட்டாள்.

சுருள் ஓடியது. மணி இரண்டு தடவை அடித்தது, இரண்டு தடவையும் பால் ஊற்றப்பட்டது. ஞாயிறு முழுக்க அவளும் ஃபிட்டரும் இருட்டில் உட்கார்ந்து வெட்டினார்கள். ஆயிரம் தாள், இருபத்தைந்து இருபத்தைந்தாக. ஒன்றைக்கூடச் சோதித்துப் பார்க்கவில்லை. டீச்சர் எதிரில் பார்ப்போம், நல்லதோ கெட்டதோ சேர்ந்து தெரியட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

திங்கள் காலை ஏழரைக்கு டீச்சர் தன் மரப்பெட்டி கேமராவோடு வந்தார். "யாரையாவது எடுக்கலாமே" என்றார். குற்றவாளி ஆயிற்றே என்று எல்லோரும் கண்டக்டரைத்தான் தள்ளினார்கள். அவர் வாசல் வெயிலில் ஸ்டூலில் உட்கார்ந்து, பஸ் விபத்தில் சாட்சி சொல்லப்போகிறவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

கலக்கி தாளைக் கழுவிக் கொண்டுவந்தான். ஈரம் சொட்டச் சொட்ட டீச்சர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நெகட்டிவில் வெள்ளைச் சட்டை கறுப்பாக, கறுத்த முடி வெளுப்பாக. நெற்றி சுத்தம். கழுத்து சுத்தம். கன்னத்தருகே வந்த டீச்சரின் விரல் நின்றது.

"இங்க ஒண்ணு இருக்கே."

கண்ணாடி போல ஒரு புள்ளி. மூக்கை ஒட்டி, வட்டமாக.

கலக்கி மொட்டையில் கை வைத்துக்கொண்டான். ஃபிட்டர் சுவரில் சாய்ந்தார். ஸ்டூலில் இருந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "நான் நல்லாத்தானே தேய்ச்சேன்" என்று முனகினார்.

அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கிட்டே வந்தாள். புள்ளியைப் பார்த்தாள். திரும்பிக் கணவரைப் பார்த்தாள். முப்பது வருடத்துக்கு மேலாகக் காலையில் முதலில் கண்ணில் படும் பொருள் அது. நெகட்டிவை வாங்கி அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே பிடித்தாள்.

"டீச்சர், பொத்தல் ஃபிலிம்ல இல்ல" என்றாள். "ஆள்லயே இருக்கு."

முதலில் சிரித்தது டீச்சர். பிறகு எல்லோரும். கண்டக்டர் மச்சத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நான்தான் சொன்னேன்ல, மச்சக்காரன்னு" என்றார். நாற்பது பெட்டிகளையும் அவரே டீச்சரின் வண்டியில் ஏற்றினார். கடைசிப் பெட்டி ஏறியதும் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்டு, போலாம்!"

வண்டி திருப்பத்தில் மறையும்வரை நின்றுவிட்டு அவள் உள்ளே போனாள். தொட்டி கழுவ வேண்டியிருந்தது. உள்கதவைத் திறந்தாள். அது ஊரைக் கூட்டியது.